பேரீச்சை வால்நட் கேக் வறண்டு போகாமல் ஈரமாக வர என்ன செய்வது?

கேள்வி இதுதான்: பேரீச்சம்பழமும் வால்நட்டும் போட்டு லோஃப் கேக் செய்தால் மேலே வெடித்து, உள்ளே பொடிப்பொடியாக உதிர்கிறது. வெண்ணெயைக் கூட்டினால் எண்ணெய்ப் பிசுக்குத்தான் வருகிறது, ஈரம் வரவில்லை. மெத்தென்று, கையில் லேசாக ஒட்டுகிற பதத்தில் எப்படிச் செய்வது? ஓவன் இல்லாதவர்கள் இதையே புட்டிங்காகச் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். லோஃபுக்கும் புட்டிங்குக்கும் கலவை ஒன்றேதான். டின்னில் ஊற்றி ஓவனில் வைத்தால் லோஃப், கிண்ணத்தில் ஊற்றி ஆவியில் வைத்தால் புட்டிங். முதலில் ஈரத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

வெண்ணெய் கேக்கை மென்மையாக்கும், ஈரமாக்காது. வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, தண்ணீர் 16 சதவீதம் அளவுக்குத்தான். இந்தக் கேக்குக்கு ஈரம் கொடுக்க வேண்டியது பேரீச்சம்பழம். அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. மென்மையான வகைகளில் அந்தச் சர்க்கரையின் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். நாம் வீட்டில் பயன்படுத்தும் சீனியைவிட ஃப்ரக்டோஸ் தண்ணீரை இறுக்கமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் குடித்துக் கனிந்த பேரீச்சை மாவோடு மாவாகக் கலந்திருந்தால், ஓவன் சூட்டிலும் பிறகு டப்பாவில் இருக்கும் நாட்களிலும் அந்த ஈரம் எளிதில் வெளியேறாது. பழத்தைக் காய்ந்தபடியே நறுக்கிப் போட்டால் எல்லாம் தலைகீழாக நடக்கும். பழம் மாவில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சித் தான் ஊறிக்கொள்ளும், சுற்றியுள்ள கேக் வறளும். வெட்டிப் பாருங்கள்: பழத்துண்டு பளபளவென்று இருக்கும், அதை ஒட்டிய கேக் உதிரும். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இதுதான் நடந்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை ஊறவைப்பது. இதில் அவசரப்படக் கூடாது.

கொட்டை நீக்கிய பிறகு 250 கிராம் பழம் வேண்டும். கொட்டையோடு வாங்கினால் 300 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். விதை நீக்கியது என்று பாக்கெட்டில் எழுதியிருந்தாலும் ஒவ்வொரு பழத்தையும் விரலால் பிளந்து பார்த்துவிடுங்கள். இயந்திரத்துக்குத் தப்பிய முழுக் கொட்டையும் இருக்கும், உடைந்த துணுக்கும் இருக்கும். மசித்த பிறகு அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, கேக் சாப்பிடுகிற குழந்தையின் பல்தான் கண்டுபிடிக்கும். காம்பு முனையில் ஒட்டியிருக்கும் கட்டியான பகுதியையும் கிள்ளி எறியுங்கள். பழத்தை நான்கு ஐந்து துண்டுகளாக நறுக்கி, கொஞ்சம் பெரிய பாத்திரத்தில் போட்டு, ஒரு தேக்கரண்டி ஆப்பச்சோடா தூவுங்கள். தேக்கரண்டி என்றால் தலைதட்டிய 5 மில்லி அளவு. அதன்மேல் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் 250 மில்லி ஊற்றுங்கள். ஃபிளாஸ்கில் இருக்கும் வெந்நீர் போதாது.

ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு மேலே வரும். சில நிமிடங்களில் தண்ணீர் அடர்ந்த பழுப்பாக மாறும், பழத்தின் தோல் சுருள் சுருளாகக் கழன்று மிதக்கும், வெல்லப்பாகு காயும்போது வருகிற வாசனையில் ஒரு பங்கு வரும். சோடா இங்கே என்ன செய்கிறது என்பது தெரிந்தால் அளவில் கைவைக்கத் தோன்றாது. பழத்தின் தோலையும் சதையையும் கட்டிப் பிடித்திருப்பது பெக்டின். காரத்தன்மையுள்ள சூடான நீரில் பெக்டின் சீக்கிரம் உடையும். கொண்டைக்கடலைக்குச் சிட்டிகை சோடா போட்டால் விரைவாகக் குழைவதற்கும் இதுவே காரணம். அடுத்தது நிறம். காரத்தன்மை இருந்தால் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பாகும் வேலை வேகமாக நடக்கும், அதனால் சாக்லெட் போடாமலே கேக்குக்கு அந்த ஆழ்ந்த நிறமும் ருசியும் கிடைக்கின்றன. மீதமுள்ள சோடா மாவை உப்பவும் வைக்கும், ஆனால் வாயுவில் ஒரு பகுதி ஊறும்போதே வெளியேறிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கேக்குக்குச் சோடாவோடு பேக்கிங் பவுடரும் தேவைப்படுகிறது. நன்றாக உப்பட்டும் என்று சோடாவைக் கூட்டினால் சோப்பு வாடை வரும், நாக்கின் ஓரத்தில் கசப்பு நிற்கும், நடுவில் குழியும் விழும்.

அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, பருப்பு மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் அடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மிக்ஸியில் போட்டால் எல்லாம் ஒரே விழுதாகி, கேக் களிப்பதத்துக்குப் போய்விடுகிறது, வாயில் பழம் தட்டுப்படுவதும் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு மசிந்து, மீதி துண்டாக நிற்கட்டும். ஊறிய தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் வடிக்காதீர்கள். வடிகட்டிப் பழத்தை மட்டும் போடுகிறவர்கள் நிறையப் பேர். சர்க்கரை, நிறம், ஈரம், சோடா நான்கும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கின்றன.

கொதிநீருக்குப் பதில் பால் சேர்க்காத கடுந்தேநீர் ஊற்றலாம். சோடாவில் தேநீரின் நிறம் இன்னும் கருக்கும், ருசியில் ஒரு லேசான துவர்ப்பு வந்து இனிப்பைக் கட்டுக்குள் வைக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது, 200 மில்லி தண்ணீரோடு 50 மில்லி ஃபில்டர் காபி டிகாஷன். காபி வாசனை தனியாகத் தெரியாது, பேரீச்சையின் ருசிதான் எடுப்பாகத் தெரியும்.

இனி மாவு. பழக்கலவை இளஞ்சூடாக இருக்கும்போதே 85 கிராம் வெண்ணெயைத் துண்டுகளாகப் போட்டால் தானாக உருகிவிடும். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெள்ளையாகும்வரை அடிக்கிற வேலை இந்தக் கேக்குக்குத் தேவையில்லை. அப்படி அடித்தால் காற்று சேர்ந்து லேசான கேக் வரும், நமக்கு வேண்டியது கனமும் ஈரமும் உள்ள கேக். 110 கிராம் நாட்டுச்சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி வெனிலா சேர்த்துக் கலக்குங்கள். கடையில் பரவலாகக் கிடைக்கும் அமுல் வெண்ணெய் உப்புப் போட்டது, அதைப் பயன்படுத்தினால் சிட்டிகை உப்பு போதும். உப்பை மொத்தமாக விட்டுவிடாதீர்கள், உப்பில்லாத பேரீச்சை கேக் திகட்டும். கலவைக்குள் விரலை விட்டால் சூடு உறைக்காத நிலைக்கு வந்ததும் இரண்டு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். அதற்கு முன்னால் ஊற்றினால் முட்டை திரிந்து வெள்ளை வெள்ளையாக மிதக்கும்.

225 கிராம் மைதா, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி மூன்றையும் சேர்த்துச் சலித்து, இரண்டு தடவையாகப் போட்டுக் கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வெள்ளைக் கோடு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். இது தண்ணீர் அதிகமுள்ள மாவு, கிளறக் கிளற மைதாவின் பசைத்தன்மை கூடி, கேக் ரப்பர் பதத்துக்குப் போய், உள்ளே நீளநீளமாகத் துளை விழும். கடைசியில் 100 கிராம் வறுத்த வால்நட். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, தயங்கித் தயங்கி விழ வேண்டும்.

எடை சொல்கிறேனே தவிர கப் அளவு சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. வறண்ட கேக்குகளில் பாதிக்குக் குற்றவாளி மைதா அளக்கும் முறை. மாவை உதிர்த்துக் கரண்டியால் கப்பில் போட்டுத் தலைதட்டினால் 120 முதல் 125 கிராம் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் அதே கப்பில் 150 கிராம்வரை ஏறிவிடும். இரண்டு கப்புக்கு 50 கிராம் கூடினால் எந்தச் சமையல் குறிப்பும் தாங்காது. பேரீச்சைக்கும் இதே கதைதான், கப்பில் அழுத்தினால் ஓர் எடை, தளர்வாகப் போட்டால் வேறு எடை. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். பேக்கிங்கில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு அதுதான்.

பேரீச்சையில் எந்த வகை? விலை உயர்ந்த மெட்ஜூலை இதற்குப் பயன்படுத்துவது வீண், அது அப்படியே சாப்பிட வேண்டிய பழம். சாதாரணப் பாக்கெட்டில் வரும், அழுத்தினால் நசுங்குகிற பழுப்புப் பேரீச்சை போதும். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வீட்டில் தேங்கிக் கிடக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து விற்கிற ஈரானின் மஸாஃபாத்தி, கறுப்பாக, தொட்டாலே குழைகிற வகை. அதில் தண்ணீர் ஏற்கெனவே அதிகம் என்பதால் கொதிநீரை 220 மில்லியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கல் மாதிரிக் காய்ந்த வெளிர்நிறப் பேரீச்சை அரை மணி நேரத்தில் ஊறாது, வேண்டாம்.

இந்தப் பலகாரம் வளர்ந்த ஊர்களிலும் விலை மலிவான பேரீச்சைதான் அடிப்படை. பேரீச்சை விளையாத இங்கிலாந்திலும், அப்போது பேரீச்சை விளைச்சல் பெரிதாக இல்லாத அமெரிக்காவிலும் இது வீட்டுக் கேக்காக ஆனதற்கு, இராக்கின் பஸ்ரா துறைமுகத்திலிருந்து பெட்டிகளில் அழுத்தி அடைத்துக் கப்பலேறிய பேரீச்சை ஒரு முக்கியக் காரணம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பெருமளவில் போனது அதுதான். அழுந்திக் கட்டியாகிப்போன பழத்தைப் பிரிக்கக் கொதிநீர் மிக வசதியான வழி. இன்றும் பிரிட்டனில் கேக்குக்கென்று பேரீச்சையைக் கட்டியாக அழுத்தி விற்கிறார்கள்.

வால்நட்டுக்கு வருகிறேன். இந்தியாவில் விளைவதில் மிகப் பெரும்பகுதி காஷ்மீரிலிருந்து வருகிறது, கடைகளில் சிலி, கலிஃபோர்னியா பருப்பும் கிடைக்கும். எந்த ஊராக இருந்தாலும் பார்க்க வேண்டியது ஒன்று: பழசா, புதிதா? வால்நட்டின் எடையில் ஏறக்குறைய 65 சதவீதம் எண்ணெய், அதில் பெரும்பகுதி காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடுகிற வகை. நம் ஊர் வெயிலில் கடை அலமாரியில் திறந்த சாக்கில் கிடந்தால் சிக்கெடுத்துவிடும். வாங்குமுன் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். முதலில் லேசான துவர்ப்பு, பிறகு இனிப்பு வந்தால் நல்லது. பழைய எண்ணெய் வாடையோ பெயின்ட் வாடையோ வந்தால் வறுத்தாலும் போகாது. வாங்கிவந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீஸரில் வையுங்கள்.

வறுக்காமல் போடாதீர்கள். பருப்பின் மேல்தோலில் இருக்கும் டானின் கேக்கின் இனிப்புக்கு நடுவே துருத்திக்கொண்டு கசக்கும். ஓவனில் 160 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம், அல்லது தோசைக்கல்லில் சிறுதீயில் கை எடுக்காமல் ஆறேழு நிமிடம். வாசனை எழுந்ததும் இறக்கி, ஒரு துண்டில் கொட்டி மூடிச் சூட்டோடு தேய்த்தால் தோல் செதில் செதிலாகக் கழலும். முழுக்கப் போக வேண்டியதில்லை, கழன்றதை மட்டும் சல்லடையில் உதறிவிடுங்கள். ஆறியபின் கையால் மூன்று நான்காக ஒடியுங்கள். கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கினால் தூள் உதிர்ந்து கேக் மண் நிறமாகும், கடிக்கவும் எதுவும் கிடைக்காது. பருப்பு அடியில் தங்காமல் இருக்க மாவில் புரட்டிப் போடச் சொல்வார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. கலவை சரியான கெட்டியில் இருந்தால் பருப்பு தானாக நிற்கும், தண்ணீராக இருந்தால் என்ன புரட்டினாலும் மூழ்கும்.

டின் 23 சென்டிமீட்டர் நீளமும் 13 அகலமும் உள்ளதாக இருக்கட்டும். பட்டர் பேப்பரை நீளவாக்கில் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொள்கிற மாதிரி போட்டால் தூக்கி எடுக்க வசதி. டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மீந்தால் கப் கேக் அச்சில் ஊற்றிக்கொள்ளலாம், அது 20 நிமிடத்தில் வெந்துவிடும். லோஃபுக்கு 165 டிகிரி, 60 முதல் 70 நிமிடம். பெரும்பாலான கேக்குகளுக்குச் சொல்கிற 180 இதற்குக் கூடாது. இவ்வளவு சர்க்கரை உள்ள கலவை அந்தச் சூட்டில் மேலே சீக்கிரம் கருகி இறுகும், உள்ளே இன்னும் உப்பிக்கொண்டிருக்கும் மாவு அதைப் பிளந்துகொண்டு வரும். நீங்கள் சொன்ன வெடிப்பு இப்படித்தான் வந்திருக்க வேண்டும். ஓ.டி.ஜி. எனும் சிறிய மின்சார ஓவன் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மேல் கம்பி டின்னுக்கு மிக அருகில் இருப்பதால் கீழ்த்தட்டில் வைத்து, 35 நிமிடம் ஆனதும் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்திவிடுங்கள். அதற்கு முன் கதவைத் திறக்க வேண்டாம். ஓ.டி.ஜி. குமிழில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை, உள்ளே தொங்கவிடுகிற வெப்பமானி ஒன்று இருந்தால் சந்தேகம் தீரும்.

வெந்துவிட்டதா என்று குச்சி விட்டுப் பார்ப்பதில் இந்தக் கேக் ஏமாற்றும். குச்சி ஒரு பேரீச்சைத் துண்டில் போய்க் குத்தினால் ஈரமாகத்தான் வரும், வேகவில்லை என்று நினைத்து இன்னும் பத்து நிமிடம் வைப்போம், கேக் காய்ந்துபோகும். குச்சியில் ஒட்டியிருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள். கருப்பாக, பாகாக இழுத்தால் பழம். வெளிறி, மாவாக வழுக்கினால் வேகவில்லை. நடுவில் இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பார்க்க வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 96 டிகிரி காட்டியதும் எடுத்துவிடலாம். ஊட்டியில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 2,200 மீட்டருக்கு மேல் தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும், அங்கே 96க்குக் காத்திருந்தால் கேக் காய்ந்துபோகும். 91, 92இல் எடுங்கள், பேக்கிங் பவுடரையும் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓவன் இல்லாதவர்களுக்கு ஆவிப் புட்டிங். உண்மையைச் சொன்னால் ஈரத்தில் இது லோஃபைவிட ஒரு படி மேல். ஆவியில் மேல்பகுதி காய்வதற்கே வழியில்லை. மேலே சொன்ன அளவில் பாதி எடுத்துக்கொண்டால் ஒரு லிட்டர் எவர்சில்வர் கிண்ணத்துக்குச் சரியாக இருக்கும். கிண்ணத்துக்கு நன்றாக வெண்ணெய் தடவி, அடியில் வட்டமாக வெட்டிய பட்டர் பேப்பர் போட்டுக் கலவையை ஊற்றுங்கள். வாயை மூட, பட்டர் பேப்பரையும் அலுமினியத் தாளையும் ஒன்றாக வைத்து நடுவில் ஒரு மடிப்பு விட்டு, விளிம்பைச் சுற்றி நூலால் கட்டுங்கள். மடிப்பு இல்லையென்றால் புட்டிங் உப்பும்போது தாளைக் கிழிக்கும். இட்லிக் கொப்பரையில் ஒரு வளையமோ தட்டோ வைத்து அதன்மேல் கிண்ணத்தை வைத்து, மிதமான தீயில் 75 நிமிடம். குக்கரிலும் வைக்கலாம், வெயிட் போடக் கூடாது. ஆனால் நடுவில் தண்ணீர் வற்றுகிறதா என்று பார்த்துக் கொதிநீர் சேர்க்க இட்லிக் கொப்பரையே வசதி. சேர்ப்பது கொதிநீராகவே இருக்க வேண்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆவி அடங்கினால் புட்டிங் நடுவில் அமுங்கிவிடும். மூடியைச் சுற்றி ஒரு துணி கட்டினால் ஆவி நீர் சொட்டாது.

புட்டிங் என்றால் மேலே ஊற்ற ஒரு பாகு வேண்டும். ஆங்கிலேயரின் ஸ்டிக்கி டாஃபி புட்டிங்கும் இதே பேரீச்சை, சோடா, கொதிநீர் முறைதான், பெரும்பாலும் வால்நட் இல்லாமல் செய்வார்கள். வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் ஷாரோ பே என்ற விடுதியை நடத்திய ஃபிரான்சிஸ் கூல்சன் 1970களில் அதைப் பரவலாக அறியச் செய்தார். தென்னாப்பிரிக்காவின் கேப் பிராந்தி புட்டிங்கில் பேரீச்சையோடு வால்நட்டும் உண்டு, ஓவனிலிருந்து எடுத்த கையோடு பிராந்திப் பாகை ஊற்றிப் புட்டிங்கை உறிஞ்ச விடுவார்கள். நம் சமையலறையில் இருக்கும் பொருளில் நான் செய்வது கருப்பட்டிப் பாகு. 100 கிராம் கருப்பட்டியை மூன்று மேஜைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மண் இல்லாத கருப்பட்டி அபூர்வம். அடுப்பில் வைத்துக் கரண்டியில் ஒட்டுகிற பதம் வந்ததும் 50 கிராம் வெண்ணெய், சிட்டிகை உப்பு போட்டு இறக்கிவிட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து 120 மில்லி ஃப்ரெஷ் கிரீம் சேர்த்துக் கலக்குங்கள். அடுப்பில் இருக்கும்போதே ஊற்றினால் கருப்பட்டி கிரீமைத் திரித்துவிடும் ஆபத்து உண்டு. கிரீமுக்குப் பதில் கெட்டியான முதல் தேங்காய்ப்பால் ஊற்றினால் அந்தப் பயமும் இல்லை, ருசியும் நம் நாக்குக்கு நெருக்கமாக இருக்கும். புட்டிங்கைத் தட்டில் கவிழ்த்து, குச்சியால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்தி, பாதிப் பாகைச் சூடாக ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மீதியைப் பரிமாறும்போது ஊற்றலாம்.

முட்டை சேர்க்காத வீடுகளில் இரண்டு முட்டைக்குப் பதில் 120 கிராம் கெட்டித் தயிரும் இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெயும் சேருங்கள், கொதிநீரை 220 மில்லியாக்குங்கள். தயிரின் புளிப்பு மிச்சமிருக்கும் சோடாவோடு சேர்வதால் நன்றாகவே உப்பும். வெட்டும்போது கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். அந்த எண்ணெயில் ஒரு பகுதி நல்லெண்ணெயாக இருந்தாலும் தவறில்லை, அது ஒரு மேஜைக்கரண்டிக்கு மேல் போகாமல் இருந்தால் சரி. உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த ருசி பிடிபடும். கோதுமை மாவில் செய்ய நினைத்தால் பாதிக்குப் பாதி மைதாவோடு கலந்துகொள்ளுங்கள், தவிடு தண்ணீர் குடிக்கும் என்பதால் இரண்டு மேஜைக்கரண்டி பால் கூடுதலாக வேண்டும். முழுக்கக் கோதுமையிலும் செய்யலாம், ஆனால் நீங்கள் கேட்ட மெத்தென்ற பதம் கிடைக்காது. ஏலக்காயை நான் போடுவதில்லை. அதன் வாசனை வந்துவிட்டால் வால்நட் இருப்பதே தெரியாது. சுக்கு, கொஞ்சம் பட்டை, விருப்பப்பட்டால் ஆரஞ்சுத் தோல் துருவல், இவை பேரீச்சையோடு ஒத்துப்போகும்.

இலங்கைத் தமிழர்களுக்கு இது புதிய பலகாரமே இல்லை. அங்கே வீடுகளிலும் பேக்கரிகளிலும் செய்கிற பேரீச்சம்பழக் கேக்கிலும் பழத்தைச் சோடாவோடு சுடுநீரில் ஊறவைப்பதுதான் அடிப்படை. வால்நட்டுக்குப் பதில் கஜு, அதாவது முந்திரி, போடுவார்கள், மாவோடு ரவை சேர்ப்பவர்களும் உண்டு. வால்நட் கிடைக்காவிட்டாலோ விலை கட்டுப்படியாகாவிட்டாலோ தயங்காமல் முந்திரிக்கு மாறலாம். முந்திரியில் கசப்புத் தோல் இல்லை என்பதால் பொன்னிறமாக வறுத்தால் போதும்.

வெந்த லோஃபை டின்னிலேயே 15 நிமிடம் விட்டு, பிறகு தூக்கிக் கம்பித் தட்டில் வைத்து முழுக்க ஆறவிடுங்கள். ஆறியதும் பட்டர் பேப்பரில் இறுகச் சுற்றி டப்பாவில் போட்டு மூடி, மறுநாள் வெட்டுங்கள். அன்றே வெட்டினால் மேல்பகுதி மொறுமொறுப்பாகவும் உள்ளே கொஞ்சம் பிசுபிசுப்பாகவும் இருக்கும். ஓர் இரவு கிடந்தால் நடுவிலிருந்த ஈரம் ஓரம்வரை பரவி, மேல்தோல் இளகி, முழுத் துண்டும் ஒரே பதமாகிவிடும், சுக்கின் காரமும் அடங்கி வரும். வறண்டுவிட்டது என்று புகார் சொல்கிறவர்களில் சிலர் இந்த ஓர் இரவைக் கொடுக்காதவர்கள்.

ஃபிரிட்ஜில் உடனே வைக்காதீர்கள். வெந்த மாவுச்சத்து ஃபிரிட்ஜ் குளிரில்தான் மிக வேகமாக இறுகும், வெண்ணெயும் உறைந்துகொள்ளும், ஈரமான கேக்கும்கூட வறண்ட மாதிரித் தெரியும். சாதாரண நாட்களில் வெளியே மூன்று நாள் தாங்கும். சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில், கோடையிலும் மழைநாளிலும் இரண்டு நாளைக்கு மேல் நம்ப வேண்டாம், இவ்வளவு ஈரமுள்ள கேக்கில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் விரல் பருமனில் துண்டு போட்டு, நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி ஃப்ரீஸரில் வையுங்கள், இரண்டு மாதம் தாங்கும். இங்கிலாந்தில் இதைத் துண்டு போட்டு வெண்ணெய் தடவித் தேநீரோடு சாப்பிடுவார்கள். அந்த வெண்ணெய்க்கு உப்பு வெண்ணெய்தான் பொருத்தம். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த துண்டை உருகக் காத்திருக்காமல் நேராகத் தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் விட்டுச் சிறுதீயில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுங்கள். ஓரத்துச் சர்க்கரை லேசாக முறுகி, நடுவில் புதிதாகச் செய்த மென்மை திரும்பிவிடும்.